பாட்டு டீச்சருக்கு அளவெடுத்த நாள்

தையலக்காவிடம் ஒரு பழக்கம் உண்டு. துணியை வெட்டுவதற்கு முன் மேசையில் விரித்து, உள்ளங்கையால் ஒரு தரம் தடவிக் கொடுப்பார். பிறகு கண்ணை மூடுவார். உதடு மட்டும் அசையும். அவர் கடையில் பித்தான் தைக்கச் சேர்ந்ததிலிருந்து நான் இதைப் பார்த்துவருகிறேன். அப்படி என்னதான் சொல்கிறாய் என்று இஸ்திரி போடும் அத்தை ஒருமுறை கேட்டார். வெட்டினால் ஒட்டாது, அதனால் ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டு வெட்டுகிறேன் என்றார் அக்கா.

எங்கள் சபையில் பாட்டுக்குழுவை நடத்துகிற பாட்டு டீச்சரும் அக்காவும் சிறுவயதிலிருந்தே நகமும் சதையும் மாதிரி. மாலையில் டீச்சர் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து மெல்லப் பாடுவார். அந்தப் பாட்டுக்குத் தக்கபடி அக்காவின் மிஷின் ஓடும், தயங்கும், மறுபடி ஓடும். கேட்டுக்கொண்டே தைத்தால் என் கையிலுள்ள நூல் தன்பாட்டுக்குப் போவதுபோல இருக்கும்.

ஒரு வருஷம் அக்காவின் மகளுக்கு மனசு சரியில்லாமல் போனது. இல்லாத குரல் கூப்பிடுகிறது என்று அழுதாள். டாக்டரிடம் காட்டி, மாத்திரை சாப்பிட்டு, வேலைக்குப் போகிற அளவுக்குத் தேறினாள். வெளியே யாருக்கும் தெரியக்கூடாது என்பது மட்டுமே அவள் கேட்டுக்கொண்டது. அக்காவுக்குப் பாரம் தாங்கவில்லை. டீச்சரிடம் மட்டும் சொன்னார்.

பெண்கள் ஜெபக்கூட்டத்தில் அவரவர் கஷ்டத்தைச் சொல்லி, சேர்ந்து ஜெபிப்பது எங்கள் வழக்கம். அக்கா வராத ஒரு நாளில் டீச்சர் கண்ணை மூடி ஜெபித்தார். குரல் உருகியது. அந்த உருக்கத்தில் மகளின் பெயர் வந்தது, வியாதி வந்தது, மாத்திரையும் வந்தது. சுற்றியிருந்தவர்கள் ஆமென் என்றார்கள்.

மறுநாள் பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண் மகளின் கன்னத்தைத் தடவி, உனக்காக அழுது ஜெபித்தோம் என்றாராம். மகள் நேரே கடைக்கு வந்தாள்.

"உங்களை நம்பினேனேம்மா" என்றாள். அவ்வளவுதான். சீக்கிரமே வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு விடுதிக்குப் போய்விட்டாள்.

டீச்சர் வந்து அழுதார். ஜெபத்தில் தானாக வந்துவிட்டது, நல்லதற்குத்தான் என்றார். அக்கா மிஷினை நிறுத்தவில்லை. இஸ்திரி அத்தைதான் வாயைத் திறந்தார்.

"ஆண்டவர்கிட்ட மெதுவாச் சொன்னா போதாதா டீச்சர்? அவருக்கென்ன காது மந்தமா?"

அதன்பிறகு ஸ்டூல் வருஷக்கணக்கில் காலியாகவே கிடந்தது. ஒருநாள் அக்கா என்னிடம், மன்னித்துவிட்டேன் என்று தினமும் ஆண்டவரிடம் சொல்வதாகவும், சொல்லி முடிப்பதற்குள் கோபம் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்வதாகவும் சொன்னார்.

போன மழைக்காலத்தில் பாட்டுக்குழுவுக்குப் புது அங்கி தைக்கும் வேலை எங்கள் கடைக்கு வந்தது. கொடி, நாற்காலி, கதவு, எங்கும் வெள்ளைத் துணி. மதிய வெளிச்சம் அதற்குள் புகுந்து பாலாக இறங்கியது. இஸ்திரிப் பெட்டியின் ஆவியும் சேர்ந்துகொள்ள, கடையே மேகத்துக்குள் மிதப்பதுபோல இருந்தது. எல்லோரும் அளவு கொடுத்துவிட்டுப் போன பிறகு, அந்த வெண்மையை விலக்கிக்கொண்டு டீச்சர் வந்து நின்றார்.

மார்பளவு எடுக்க, எதிரே நிற்பவரைக் கட்டிக்கொள்வதுபோல இரண்டு கையையும் சுற்றிக் கொண்டுபோய்த்தான் நாடாவைப் பிடிக்க வேண்டும். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை நீட்டினார். டீச்சரின் பழைய அளவு அவருக்கு மனப்பாடம். நாடா அந்த அளவுக்கும் குறைவாக இறுகிக்கொண்டே போனது. அக்கா கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.

"என்னடி ஆச்சு உனக்கு?"

"கட்டி. ஆபரேஷன் பண்ணணுமாம். வீட்லகூட சொல்லல. நீ யார்கிட்டயும்..." என்று தொடங்கிய டீச்சர், அதைக் கேட்கத் தனக்கு வாயில்லை என்பதுபோல நிறுத்திக்கொண்டார்.

"சொல்லமாட்டேன்" என்றார் அக்கா. நாடா இன்னும் டீச்சரைச் சுற்றியே இருந்தது. "உன்மேல கோபம் எனக்கு இன்னும் போகல. அதுக்காக ஆஸ்பத்திரிக்கு உன்னைத் தனியா விடமாட்டேன்."

அடுத்த ஜெபக்கூட்டத்தில், டீச்சர் ஏன் இப்படி இளைத்துவிட்டார் என்று பெண்கள் அக்காவைத் துருவினார்கள். அக்கா பேச்சை மாற்றி, தனக்காக ஜெபிக்கச் சொன்னார். எதற்கு என்று கேட்டார்கள்.

"எனக்கு முழுசா மன்னிக்க வரல. அதுக்கு."

ஆபரேஷனுக்குப் பிறகு டீச்சரே தன் வியாதியைச் சபையில் சொன்னார். அக்காவின் மகளிடமும் சம்மதம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

டீச்சருக்குச் சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது. மூச்சு போதாததால் இப்போது பாடுவதில்லை. ஒவ்வொரு முறையும் அக்காதான் கடையை எங்களிடம் விட்டுவிட்டுக் கூடப் போகிறார். மகள் போனில் அம்மாவிடம் டீச்சர் எப்படி இருக்கிறார் என்று கேட்கிறாள். நேரில் பார்க்க இன்னும் வரவில்லை.