பொத்தானுக்குப் பின்னால் ஒரு விரல்

பெரியம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதிரில் யாராவது எதையாவது செய்யத் திணறினால், தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கோத்துக்கொள்வாள். புட்டியின் மூடியைத் திறக்க முடியாமல் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். பெரியம்மா பக்கத்திலேயே நின்று மூடியையே பார்த்துக்கொண்டிருப்பாள். பூட்டில் சாவி சிக்கினாலும், ஊசியில் நூல் ஏறாவிட்டாலும் அப்படித்தான்.

"போலீஸ் விலங்கு மாட்டின மாதிரி நிக்கறா பாரு எங்கக்கா," என்று அம்மா திட்டுவாள். பெரியம்மா சிரிப்பாள். கைகள் மட்டும் முன்னால் வராது.

முன்பெல்லாம் அவள் அப்படி இல்லை. அம்மா விடியும் முன்பே சலவைக் கடைக்குப் போய்விடுவதால், காலையில் எனக்கு எல்லாமே பெரியம்மாதான். தலை வாரி, சட்டை மாட்டி, சோறு ஊட்டி அனுப்புவாள். திடீரென்று ஒருநாள் சட்டையை என் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "நீயே போட்டுக்கோ," என்றாள். அவளுக்கு என் மேல் ஏதோ கோபம் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். கல்லூரிக்குப் போன பிறகு அதையே பெருமையாக மாற்றிக்கொண்டேன். எங்கள் வீட்டில் பட்டப்படிப்பு வரை போன முதல் ஆள் நான். "எனக்கு யாரும் கைகொடுக்கலை, நானாத்தான் வந்தேன்" என்று தோழிகளிடம் சொல்லிக்கொள்வேன்.

பட்டமளிப்பு விழா அன்று காலை, வாடகைக்கு எடுத்த கறுப்பு அங்கியின் கொக்கி மோவாய்க்குக் கீழே மாட்டாமல் படுத்தியது.

"பெரியம்மா, இதைக் கொஞ்சம் மாட்டி விடேன்."

கைகள் பின்னால் போயின. "உன்னால முடியும். நிதானமா மாட்டு."

"இன்னிக்கு ஒருநாள் செஞ்சா உன் கை தேஞ்சா போயிடும்?"

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். "தேஞ்சு போயிருந்தா நல்லாருந்திருக்கும்டி," என்றாள். நான் கொக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அவள் தரையைப் பார்த்தபடி சொன்னதுதான் இது.

பெரியம்மா ஒரு தொடக்கப் பள்ளியில் உதவியாளராக இருந்தவள். மற்றவர்களின் வேகத்துக்குக் கற்க முடியாத பிள்ளைகளுக்கென்று அங்கே ஒரு சின்ன அறை இருந்தது. நாற்காலி இழுபடும் சத்தம் சில பிள்ளைகளுக்கு ஆகாது என்பதால், பழைய பந்துகளைக் கீறி நாற்காலிக் கால்களில் செருகியிருப்பார்கள். அடுத்து என்ன என்று காட்டும் படங்கள் சுவரில் வரிசையாக இருக்கும்: கை கழுவுதல், சாப்பாடு, வீடு. அந்த அறையில் பெரியம்மாவின் முழுப் பொறுப்பில் இருந்தது ஒரு சிறுமி. எங்கே போனாலும் பெரியம்மாவின் உடுப்பின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டே வருவாள் என்பதால் அவளுக்கு ரயில் பாப்பா என்று பெயர்.

ரயில் பாப்பாவின் அப்பா தையல்காரர். மகளால் பொத்தான் கழற்ற முடியாது என்பதால் அவளுடைய கால்சட்டைக்கெல்லாம் இலாஸ்டிக் வைத்தே தைப்பார். பெரியம்மா அவளுக்குப் பொத்தான் பழக்கத் தொடங்கினாள். நடுவே திறந்த பலகைச் சட்டத்தில் துணி அடித்து, பெரிய பொத்தான்கள் வைத்து, குழந்தையைத் தன் முழங்கால்களுக்கு நடுவே உட்கார வைத்துப் பழக்குவாள். மாதங்கள் ஓடின. பொத்தான் காஜாத் துளையின் வாசல் வரை வரும், அங்கேயே நழுவிவிடும்.

"ஆயாம்மா, கல்லுல நார் உரிக்கிறீங்க," என்பார் வகுப்பு டீச்சர்.

"உரிச்சுக் காட்டறேன் டீச்சர்."

அந்த வீறாப்பில்தான் பெரியம்மாவின் ஆள்காட்டி விரல் துணிக்குப் பின்னால் போயிருக்கிறது. காஜாவின் பின்பக்கத்திலிருந்து லேசாக ஒரு நெம்பு. பொத்தான் நுழைந்துவிடும், அதே நெம்பில் வெளியேயும் வந்துவிடும். குழந்தை கை தட்டிச் சிரிக்கும். முதலில் எப்போதாவது என்று இருந்தது, பிறகு ஒவ்வொரு முறையும் ஆயிற்று. "விரல் போறது எனக்கே தெரியாதுடி. குழந்தை சிரிக்கணும், அவ்வளவுதான் மனசுல," என்றாள்.

எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு உதவி வேண்டும் என்று பார்க்க வருஷத்துக்கு ஒருமுறை வெளியிலிருந்து ஓர் அம்மாள் வருவார். அவர் சொல்வதை வைத்துத்தான் அடுத்த வருஷம் அந்தப் பிள்ளைக்கு உதவியாளர் உண்டா இல்லையா என்று முடிவாகும். அன்றைக்குத் தையல்காரரும் வந்து வாசலில் நின்றார். தெரியாத முகத்தைப் பார்த்துக் குழந்தை மிரண்டதால், வழக்கம்போல் பெரியம்மாவின் முழங்கால்களுக்கு நடுவே உட்கார விட்டார்கள். துணிப் பலகை மேசைக்கு வந்தது. விரலும் பின்னால் போனது.

குழந்தை பொத்தானைப் போட்டாள். கழற்றினாள். மறுபடி போட்டாள்.

"தானாவே செய்யறாளா?" என்று கேட்டார் வந்தவர்.

"பார்த்தீங்களேம்மா, தானாத்தான்!" என்று வாசலிலிருந்து கத்தினார் தையல்காரர். கண்ணைத் துடைத்துக்கொண்டார். டீச்சர்கூடப் பெரியம்மாவின் தோளைத் தட்டினார்.

"ஆமான்னு நான் சொல்லலை. இல்லன்னும் சொல்லலை," என்றாள் பெரியம்மா. "அவ்ளோ பேர் சந்தோஷமா நிக்கறப்ப வாயே வரலைடி."

அதன் பிறகு எல்லாம் நியாயமாகவே நடந்தது. இவ்வளவு தேறிவிட்ட பிள்ளைக்குத் தனி உதவியாளர் எதற்கு? ரயில் பாப்பாவைப் பெரிய வகுப்பில் உட்கார வைத்தார்கள். பெரியம்மாவை வேறொரு பிள்ளைக்கு மாற்றினார்கள். தையல்காரர் வீட்டிலிருந்த இலாஸ்டிக் கால்சட்டைகளையெல்லாம் தூக்கிப்போட்டுவிட்டு, புதிதாக இடுப்பில் பொத்தான் வைத்துத் தைத்தார். காஜாவைக் கையாலேயே எடுத்தார். நல்ல கெட்டித் துணி.

ஒருநாள் பாடத்தின் நடுவே ரயில் பாப்பா எழுந்து நின்றாள். "உனக்குத்தான் தெரியுமே, போயிட்டு வா," என்று அனுப்பிவிட்டார் அந்த வகுப்பு டீச்சர். நேரமாகியும் அவள் திரும்பவில்லை. மற்றொரு பிள்ளையைக் கை கழுவக் கூட்டிப்போன பெரியம்மாதான் கழிப்பறையில் அவளைப் பார்த்தாள். கால்சட்டை நனைந்து, தரை நனைந்து, இரண்டு கையாலும் பொத்தானைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். முழங்கால்களுக்கு நடுவே உட்காரப் போவதுபோல் இடுப்பைச் சற்று பின்னுக்குத் தள்ளியிருந்தாள். துணிக்குப் பின்னாலிருந்து வர வேண்டிய விரலுக்காகக் காத்திருக்கிறாள் என்பது பெரியம்மாவுக்கு மட்டும் புரிந்தது.

மாலையில் ஈரக் கால்சட்டையைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு, குழந்தையோடு பள்ளி வாசலுக்குப் போனாள், சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான். பையைப் பார்த்ததுமே தையல்காரருக்கு முகம் மாறிவிட்டது.

"வீட்லயும் இதே கூத்துதாங்க. தெரியலைன்னா பரவால்ல, தெரிஞ்சுகிட்டே செய்ய மாட்டேங்கறா. என் கண்ணால பார்த்தேனே! திமிருங்க, வேறென்ன?"

"இல்ல சார், அது வந்து…"

அதற்குள் குழந்தையின் கன்னத்தில் அறைந்துவிட்டார். பலமான அறை இல்லை. ஆனால் வாசலில் அத்தனை பெற்றோரும் பார்த்தார்கள். குழந்தை அழுதுகொண்டே வந்து பெரியம்மாவின் உடுப்பின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டது.

"அடி வாங்க வச்சவ முதுகுக்குப் பின்னாடியே வந்து ஒளியறா," என்றாள் பெரியம்மா. அப்போதும் அவள் சொல்லவில்லை.

மறுநாள் காலை தலைமை ஆசிரியையிடம் மட்டும் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர், "திரும்ப அவளுக்கே உங்களைப் போடறேன். மேலே நான் பேசிக்கறேன். ஆனா அவங்க அப்பாகிட்ட நீங்கதான் சொல்லணும்," என்றார்.

"சரி டீச்சர்," என்றாள் பெரியம்மா.

அன்றிலிருந்துதான் கைகள் பின்னால் போயின. குழந்தை பொத்தானைப் பிடித்துக்கொண்டு இடுப்பைத் தள்ளும், திரும்பிப் பார்க்கும், கோபத்தில் பலகையைத் தள்ளிவிடும். பெரியம்மா தன் கையைத் தானே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அங்கே மட்டும் பழகினால் போதாது, விரல் ஏமாற்றிவிடும் என்று வீட்டிலும் பழகியிருக்கிறாள். யாரை வைத்து? என்னை வைத்துத்தான். எனக்கு அப்போது அவள் ஊட்டுவதை நிறுத்தியது மட்டும்தான் தெரியும். யாரும் கைகொடுக்கவில்லை என்று நான் பீற்றிக்கொண்டிருந்தேனே, அந்த நேரமெல்லாம் ஒருத்தி எதிரே உட்கார்ந்து தன் கையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அது எனக்காகவா, தனக்கான தண்டனையாகவா? கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

மழைக்காலம் முடியும் தறுவாயில் ரயில் பாப்பா நிஜமாகவே பொத்தானைக் கழற்றினாள். பின்னால் விரல் இல்லாமல், நாக்கைக் கடித்துக்கொண்டு, தானாக. பெரியம்மாவுக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லையாம், அவ்வளவு சந்தோஷம். இன்றைக்குச் சொல்லிவிடலாம், இன்றைக்குச் சொன்னால் அவரும் மன்னித்துவிடுவார் என்று வாசலுக்கு ஓடினாள். தையல்காரர் முந்திக்கொண்டார்.

"வீட்லயும் என் பொண்ணே கழட்டிட்டா! பார்த்தீங்களா? அன்னிக்கு வாசல்ல ஒண்ணு வச்சேன் இல்ல, அதுதான் வேலை செஞ்சிருக்கு. நானும் இவ்ளோ நாள் செல்லம் குடுத்துக் கெடுத்துட்டேன்."

பெரியம்மா சிரித்தாளாம். "சிரிச்சேன்டி. 'ரொம்ப சந்தோஷம் சார்'னு வேற சொன்னேன்."

அந்த வருஷக் கடைசியில் அவர்கள் வேறெங்கோ குடிபோய்விட்டார்கள். எங்கே என்று பள்ளியில் யாருக்கும் தெரியவில்லை.

"அதுக்கப்புறம் படிக்கட்டு ஏறத் தெரியலைன்னா அடிச்சிருப்பாரு. எழுதத் தெரியலைன்னா அடிச்சிருப்பாரு," என்றாள். "அடிச்சாத்தான் வரும்னு அவருக்குக் கத்துக்குடுத்தது நான்."

"இப்ப தேடலாம் பெரியம்மா. தையல்காரர்தானே, விசாரிச்சா கிடைப்பாரு."

"கிடைச்சா?"

"சொல்லிடு."

அவள் எழுந்து எனக்கு எதிரே வந்து நின்றாள். நான்தான் அந்தத் தையல்காரர் என்பதுபோல் என் முகத்தைப் பார்த்தாள். "சார், அன்னிக்குப் பொத்தான் போட்டது உங்க பொண்ணு இல்ல, அது…"

அதற்கு மேல் வரவில்லை. என் கழுத்தைப் பார்த்தாள். "மாட்டிட்டியே," என்றாள். கொக்கி எப்போது மாட்டியது என்று எனக்கே தெரியவில்லை.

விழாவுக்கு நடந்து போகும் வழியில் ஒரு தையல் கடை வந்தது. பெரியம்மாவின் நடை மெதுவாயிற்று. இயந்திரத்தின் மேல் குனிந்திருந்த தலை நிமிரும் வரை நின்று பார்த்தாள். இளவயது ஆள். அவள் மறுபடி நடக்கத் தொடங்கினாள், கைகள் பின்னால் கோத்திருக்க. அடுத்த தெருவிலும் ஒரு கடை இருந்தது. அங்கேயும் நின்றாள்.