சேமித்தால் ஒட்டிக்கொள்ளும் வரிகள்

ஓஎம்ஆரில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் கையேடு எழுதுவது என் வேலை. ஒரு வெள்ளிக்கிழமை, நான் எழுதும் எடிட்டர் மென்பொருளுக்கு ஒரு வித்தை கற்றுக்கொடுத்தேன். கோப்பைச் சேமித்தால் போதும். நீண்ட வரியை மடித்து, குட்டி வரிகளை இழுத்துச் சேர்த்து, பத்தியைத் தானே ஒழுங்காக்கிவிடும். நாலு வரி அமைப்புதான். அதற்கே எனக்குத் தலைகால் புரியவில்லை. செங்கல்பட்டு வீட்டுக்கு வந்ததும் கண்ணில் பட்ட கோப்புகளையெல்லாம் திறந்து திறந்து சேமித்தேன். மளிகைச் சீட்டு புளி, பருப்பு, சோப்பு எல்லாம் கலந்து ஒரே பத்தியாகி நின்றது. விழுந்து விழுந்து சிரித்தேனே தவிர, புத்திக்கு உறைக்கவில்லை.

அதே குஷியில் மகளின் காதுகுத்து அழைப்பிதழையும் சேமித்து அச்சகத்துக்கு அனுப்பினேன். ப்ரூஃப் பார்க்கிறீர்களா என்று கேட்டார்கள். நான் அனுப்பும் கோப்புக்கு ப்ரூஃபா என்று கெத்தாகச் சொல்லிவிட்டேன்.

என் இரண்டு அண்ணன்களும் திருவிடந்தை மனைக்கு வேலி போட்ட தகராறில் இரண்டு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. தாய்மாமன் மடியில்லாமல் காது குத்த எனக்கு மனம் வராது. ஒருவர் வந்து ஒருவர் வராமல் போனாலும் தாங்கமாட்டேன். காலில் விழாத குறையாகப் பேசி முடித்திருந்தேன்: வலது காது பெரியவர் மடியில், இடது காது சின்னவர் மடியில். அழைப்பிதழில் பெயர்கள் தனித்தனி வரி. அந்த ஒன்றில் மட்டும் இருவரும் ஒற்றுமையாக இருந்தார்கள்.

அச்சாகி வந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரே நேரத்தில் கூடத்தில் நின்றார்கள், ஆளுக்கொரு சுவரைப் பார்த்தபடி.

"இன்னாம்மா இது, அவன் பேரு என் பேரோட ஒட்டிகினு கீது. நடுவுல ஒரு கமா கூட இல்ல," என்றார் பெரியவர்.

"வேணும்னே பண்ணிகிறா," என்றார் சின்னவர், சுவரிடம்.

வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள். மடிக்கணினியைத் திறந்து இருவர் பெயரையும் இரண்டு வரியாக அடித்துச் சேமித்தேன். கீழே இருந்த பெயர் துள்ளி மேலே போய் ஒட்டிக்கொண்டது.

"இன்னொரு வாட்டி அமுக்கு," என்றார் பெரியவர். பிரித்து அமுக்கினேன். ஒட்டியது.

"திருப்பி," என்றார் சின்னவர். ஒட்டியது. அவர் மீசைக்குள் சிரித்ததை நான் பார்த்துவிட்டேன். ஆனால் வருகிறேன் என்று இருவருமே சொல்லாமல் கிளம்பிப் போனார்கள். அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை.

காதுகுத்து அன்று திருப்போரூர் கோயிலுக்கு இருவரும் வந்தார்கள், தனித்தனி பைக்கில். பெரியவர் மடியில் வலது காது குத்தியதும் மகள் போட்ட கூச்சலில், காது குத்த வந்த பத்தரே ஊசியைக் கீழே வைத்துவிட்டார். அவளை மடி மாற்றவே முடியவில்லை. எழுந்து ஓடப் பார்த்தாள். பெரியவர் திணறினார். சின்னவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணாத்த, நீ கால புடி. நான் தலைய புடிச்சிகினேன்."

இரண்டு மடியிலும் குறுக்காகக் கிடந்தபடிதான் அவளுக்கு இடது காது குத்தினார்கள். குழந்தையைவிட நான்தான் அதிகம் அழுதேன்.