காதைக் கடன் கேட்டவர்

தொண்ணூறுகளில் மைசூர் தேவராஜ மொஹல்லாவில் நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்கார மாமாவுக்கு ஒரு பழக்கம். எது கையில் பட்டாலும் விரல் கணுவால் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்பார். கதவு, காபி டம்ளர், மார்க்கெட்டில் பூசணிக்காய், எதுவும் தப்பாது. ஆபீஸ் நேரம் போக, பின்கட்டில் சின்ன லேத் போட்டு மரக் கிண்ணம் கடைவது அவருடைய பொழுதுபோக்கு. குடையும்போது நடுநடுவே மெஷினை நிறுத்தித் தட்டுவார். அடிப்பாகம் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று அந்தச் சத்தம்தான் அவருக்குச் சொல்லும்.

பிறகு காது மந்தமானது. கிண்ணங்கள் வரிசையாக அடியில் ஓட்டையாயின.

"இப்போல்லாம் மாமா கிண்ணம் பண்றதில்லை, வளையல்தான் பண்றார்" என்றார் மாமி.

ஒருநாள் மாமா என்னைக் கூப்பிட்டு லேத் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். பலாமரக் கிண்ணம், பாதி குடைந்திருந்தது.

"நான் தட்டறேன், சத்தம் எப்படி இருக்குன்னு சொல்லுங்கோ சார். நீங்க சொன்னா நான் இன்னும் கொஞ்ச நாள் ஓட்டிடுவேன்."

தட்டினார். "டொக்குன்னு இருக்கு மாமா!" என்று கத்தினேன்.

"எந்த டொக்கு? கதவு டொக்கா, தேங்கா டொக்கா?"

எனக்கு நன்றாகத்தான் கேட்டது. சொல்லத்தான் வரவில்லை. "தேங்கா மாதிரி..." என்று இழுத்தேன்.

"அப்போ அடியில இன்னும் ஸ்வல்ப கனம் இருக்கு" என்று உளியை வைத்தார். அடி பிய்த்துக்கொண்டது.

கிண்ணத்தைக் கழற்றி ஓட்டை வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தார். "உங்களைச் சொல்லிக் குத்தமில்லை. இத்தனை வருஷம் கேட்ட எனக்கே அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியலையே" என்றவர், லேத்தைத் துணியால் மூடினார்.

இப்போதும் யார் வீட்டுக் கதவைத் தட்டினாலும் ஒரு நொடி நின்று கேட்கிறேன். எந்த டொக்கு என்று இன்னும் சொல்ல வரவில்லை.