சாய்ந்த கடைவாய்ப்பல்

ஆந்திரா எல்லையில இருக்கற எங்க நகரி ஊர்ல, விசைத்தறிச் சத்தத்துல பல்வலியைக்கூட கத்தித்தான் சொல்லணும். எங்க ஊட்டுக்காரரு தறி மெக்கானிக்கு. எந்தப் பல்லு வலிச்சாலும் அவருக்கு ஒரே வைத்தியம்தான்: "புடுங்கிப் போட்டுட்டு வாமே." அப்படித்தான் எனக்குக் கீழ்வரிசையில ஒரு கடைவாய்ப் பல்லு போச்சு. அதுக்குப் பின்னாடி இருந்த பல்லு சும்மா இருந்துச்சா? காலி இடத்தைப் பாத்து சாஞ்சுக்கினே வந்துச்சு. துன்னும்போதெல்லாம் கன்னத்தைக் கடிச்சுக்குவேன். அதையும் புடுங்குன்னாரு. பெங்களூருக்கு வேலைக்குப் போன மகன்தான் போன்ல, "புடுங்காதம்மா, திருப்பதியில காட்டு"ன்னான்.

திருப்பதி டாக்டரம்மா கடைசிப் பல்லுக்குப் பின்னாடி எலும்புல குட்டியா ஒரு ஸ்க்ரூ போட்டு, அதுல ரப்பரை மாட்டி, சாஞ்ச பல்லை இழுத்து நிமுத்த ஆரம்பிச்சாங்க. நிமுந்தா காலி இடத்துல புதுப் பல்லு கட்டலாம். இல்லன்னா இதுவும் போச்சு. எனக்கு இருப்பே கொள்ளல. நாக்கு அங்கியே போய்க்கினு இருந்துச்சு. தறிகிட்ட நின்னாலும் கையில கண்ணாடி. "இன்னா, நகந்துச்சா?"ன்னு அவரு கிண்டல் பண்ணா எரிஞ்சு விழுவேன்.

ஒரு நாள் ஸ்க்ரூ ஆடுச்சு. எனக்கு உசுரே போச்சு. அவரோ, "ஸ்க்ரூ லூஸானா டைட் பண்ணணும், இதுக்குப் போய் திருப்பதியா? நாளெல்லாம் நான் இன்னா பண்றேன்? வாயைத் தொற"ன்னு இடுக்கியோட வந்தாரு. நானும் புத்தி கெட்டுப்போய்த் தொறந்தேன். ஒரே திருப்பு. ரப்பரோட கையில வந்துடுச்சு. அவ்ளோ பெரிய தறியைப் பிரிச்சு மாட்டுற மனுசன், அரிசி மாதிரி ஸ்க்ரூவைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கினு நின்னாரு. நான் திட்டுன திட்டு தறிச் சத்தத்தையும் தாண்டிப் போச்சு.

மறுநாள் திருப்பதி பஸ்ஸுல நான் அவரு பக்கத்துலகூட உக்காரல. டாக்டரம்மா பாத்துட்டு, "ஏம் காதம்மா, ஒண்ணும் ஆகாது, பயப்படாத"ன்னு தெலுங்கும் தமிழுமா சொல்லிச் சிரிச்சாங்க. எலும்பு பிடிக்காத ஸ்க்ரூவை எவ்ளோ முறுக்கினாலும் நிக்காதாம். பக்கத்துல வேற இடத்துல புதுசா போட்டாங்க. பல்லு கொஞ்சம் நிமுந்துதான் இருக்குன்னு கண்ணாடியில காட்டினாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

அப்போ அவரு தயங்கித் தயங்கி, "எனக்கும் இந்த மாதிரி போட்டு இழுப்பீங்களா?"ன்னு கேட்டாரு. டாக்டரம்மா லைட்டைத் திருப்பி அவரு வாயை ரெண்டு பக்கமும் பாத்தாங்க.

"பின்னாடி பல்லே இல்லையே, எதை இழுக்கறது? பல்செட்டுதான் கட்டணும்."

"சரிங்க, சும்மா கேட்டேன்"னு வாயை மூடிக்கினாரு. ஊட்டுல கறி ஆக்கினாலும் "எனக்குக் களி போதும்மே"ன்னு குழம்புல தொட்டு முழுங்கிட்டு எழுந்துடுவாரு. அது ஏன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்ல. இருந்த கோவமெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல.

"இவருக்கு இன்னிக்கே அளவெடுங்க"ன்னு நான் நாற்காலியை வுட்டு எறங்கினேன்.