மருந்தடித்தவரின் சாக்ஸபோன்

மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்துத் தோட்டத்தில் நான் மண்டோர், கூலிகளை வேலை வாங்கும் கங்காணி. எனக்குக் கீழே களைக்கொல்லி அடித்தவர் ஒருவர் இருந்தார். ஒல்லி உடம்பு, உப்பிய கன்னம். முன்பு கல்யாண பேண்டில் சாக்ஸபோன் வாசித்தவர்; இருமல் வந்ததும் நிறுத்திவிட்டார். சாப்பாட்டு நேரத்தில் ஜாஸ் கேசட் போடுவார்.

“அதில அப்படி என்னய்யா இருக்கு?” என்றேன்.

“வேகமா ஊதுறவங்க நெறைய பேரு லா, மண்டோரே. இந்தக் கேசட்டுல ஊதுறவரு மெதுவா ஊதுறாரு. நடுவுல மூச்சு இழுக்கிறதுகூடக் கேக்குது பாருங்க. பக்கத்துல உக்காந்து ஊதுற மாதிரி இருக்கு.”

பிறகு தயங்கினார். “மருந்து அடிச்சா நெஞ்சு அடைக்குதுங்க. வேற வேலை குடுங்களேன்.”

“ஆள் இல்ல. மருந்துப் பம்பைத் தூக்குய்யா.”

ஆள் இருந்தது. மாற்றிவிட எனக்குச் சோம்பல்.

“சரிங்க” என்று தூக்கிக்கொண்டு போனார். மூன்றாம் மாதம் செத்துப்போனார். என்னை ஏன் திட்டவில்லை என்று இன்றுவரை புரியவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டு மறந்திருப்பேன்.