ஆண்டி மேஸ்திரி தொடாத இடம்

சங்ககிரியில் மலைக்கோட்டைக்குப் பாதை பிரிகிற இடத்தில் ஆண்டி மேஸ்திரியின் ஓலைக் கொட்டகை இருந்தது. அங்கே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் முதலில் எரிச்சல்தான் வரும். ஸ்பேனரைக் கையில் எடுக்கவே மாட்டான். குத்தவைத்து உட்கார்ந்துகொண்டு கேள்வி கேட்பான். என்றைக்கிலிருந்து இப்படி? காலையிலா, வெயில் ஏறியா? சுமையோடா, வெறும் வண்டியா? வண்டிக்கு வைத்தியம் பார்க்க வந்தேனா, கோர்ட்டில் சாட்சி சொல்ல வந்தேனா என்று ஒருநாள் கத்தியேவிட்டேன். அவனுக்குக் கோபமே வராது. சாட்சி எப்போதும் பாதியைத்தான் சொல்லும், மீதியைப் பிடுங்கத்தான் வேண்டும் என்றான்.

என் வயதுதான் அவனுக்கும், முப்பத்தைந்து இருக்கும். திருச்செங்கோட்டில் பருத்தி அரைக்கும் மில்லில் ஆயில் எஞ்சினுக்கு எண்ணெய் விடப் போனவன், அங்கேயே தொழிலைப் பிடித்துக்கொண்டான். பெல்ட்டில் சிக்கி வலது கைச் சுண்டுவிரல் போயிற்று. விரல் போன அன்றைக்கு, பெல்ட் எதனால் நழுவியது என்று பார்த்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அவனைக் கேட்டால் அது பொய் என்பான். பார்ப்பதற்குள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களாம், கட்டுப்போட்டுத் திரும்பி வந்த பிறகுதான் பார்த்தானாம். வீட்டுப் பூட்டு எப்படிப் பூட்டிக்கொள்கிறது என்று தெரிந்துகொள்ள அதைப் பிரித்துப் போட்டதில் அவன் வீட்டுக் கதவு ஒரு வாரம் கயிற்றில் கட்டிக் கிடந்தது. படிப்பு கிடையாது. ஆனால் எதையும் தெரியாது என்று ஒப்புக்கொண்டு தூங்கப் போக அவனால் முடியாது. அந்தக் குணம்தான் என் மானத்தைக் காப்பாற்றியது.

நான் நாச்சிமுத்து. அப்போது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழில், பெரியசாமி என்ற கடலைக்காய் வியாபாரியிடம் டிரைவர். பழைய கார் ஒன்றை வாங்கி, பின்பாதியை அறுத்துவிட்டு, நாமக்கல் ஆசாரியை வைத்து மரப்பெட்டி கட்டியிருந்தார். கடலைக்காய் மூட்டையும் நெய் டின்னும் ஏற்றிக்கொண்டு சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போய் வருவேன். எஞ்சின் ஒரு கம்பெனி, கார்புரேட்டர் வேறொரு வண்டியிலிருந்து கழற்றியது, ரேடியேட்டர் எங்கிருந்து வந்ததென்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். இருந்தாலும் நல்ல வண்டி. என் வீட்டை ஒட்டிய கொட்டகையில்தான் நிற்கும்.

அந்த வருஷம் புரட்டாசியில் மகுடஞ்சாவடிக்குப் பக்கத்தில் ஒரு மாட்டுவண்டிக்கு ஒதுங்கப்போய்ப் பாலத்துக்குக் கீழே இறங்கிவிட்டேன். வண்டிக்கு ஒன்றும் இல்லை. எனக்குத்தான் நெற்றியில் புருவத்துக்கு நடுவே கிழிந்து ஏழு தையல். பிறகு ஆயுத பூஜை வந்தது. முதலாளி வீட்டில் எஞ்சினைத் துடைத்து, மூடிக்கு உள்ளே வெளியே என்று பாக்கியில்லாமல் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கும்பிட்டார்கள்.

கார்த்திகையில்தான் அந்தப் பீடை பிடித்தது. ரோட்டில் ஓடும்போது வண்டி பறக்கும். நிறுத்தி ஸ்லோவில் விட்டால் போதும், இருமும், குலுங்கும், கறுப்பாகப் புகை தள்ளும். மகுடஞ்சாவடி ரயில் கேட் மூடியிருந்தால் என் கதை முடிந்தது. வண்டி செத்துப்போகும், நான் இறங்கி முன்னால் ஸ்டார்ட் கம்பியைப் போட்டுச் சுற்றுவேன், பின்னால் நிற்கிற மாட்டுவண்டிக்காரன் எல்லாம் என் மாடு தேவலை என்று சிரிப்பான். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரியும்.

சிரிப்பைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். கறுப்புப் புகையைப் பார்த்த முதலாளிக்கு வேறு சந்தேகம் வந்துவிட்டது. அந்தக் காலத்தில் சில டிரைவர்கள் பெட்ரோலை வடித்து விற்றுவிட்டு மண்ணெண்ணெயைக் கலப்பது உண்டு. அவர் என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. கடலைக்காய்க் களத்தில் பத்துப் பேருக்கு நடுவில், சில வண்டி மண்ணெண்ணெய் குடிச்சுப் பழகிருச்சு என்று பொதுவாகச் சொன்னார். எனக்குச் சோறு இறங்கவில்லை. பெட்ரோல் திருடன் என்று பெயர் வந்தால் ஈரோட்டிலிருந்து சேலம் வரைக்கும் ஒருவன் ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டான்.

ஆண்டியிடம் போனேன். புதன்கிழமை வண்டிக்கு ஓய்வு, அன்றைக்குத்தான் போக முடியும். எஞ்சினை ஓடவிட்டு, காய்ந்த மூங்கில் குச்சியால் பிளக் வயரை ஒவ்வொன்றாகத் தட்டிக் கழற்றிப் பார்த்தான். எந்த வயரை எடுத்தாலும் எஞ்சின் ஒரே மாதிரி தள்ளாடியது. ஒரு சிலிண்டர் மட்டும் கெட்டிருந்தால் அதன் வயரை எடுக்கும்போது வித்தியாசமே தெரியாது, நாலும் ஒரே மாதிரி என்றால் நாலுக்கும் பொதுவான இடத்தில்தான் கோளாறு என்றான். அதாவது பெட்ரோலும் காற்றும் கலக்கிற கார்புரேட்டர். அதைப் பிரித்துக் கழுவினான். உள்ளே ஊதினான். வெளியே துடைத்தான், பூஜைப் பொட்டுகளை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிலும் துடைத்தான். எல்லாரும் அப்படித்தான். நானும் அப்படித்தான் துடைப்பேன். பொட்டு தானாக உதிர வேண்டும், நம் கையால் அழிக்கலாமா? மாட்டி ஓடவிட்டால் வண்டி குழந்தை மாதிரி தூங்கிற்று. ஆனால் கழற்றுவதற்கு முன்னாலேயே கிட்டத்தட்ட அப்படித்தான் ஓடியது என்று ஆண்டி முணுமுணுத்தான். சரியான காரணம் தெரியாமல் சரியானது அவனுக்குப் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மறுபடியும் இருமல். அடுத்த புதன்கிழமை நான் போய்க் கத்தினேன். அவன் ஒரு கரித்துண்டைக் கொடுத்து, நல்ல நாளுக்கு ஒரு கோடு, கெட்ட நாளுக்கு ஒரு பெருக்கல் குறி, உன் கொட்டகைச் சுவரில் போட்டுக்கொண்டு வா என்றான். இரண்டு வாரம் போட்டேன், ஓய்வு நாளிலும் ஓடவிட்டுப் பார்த்துப் போட்டேன். அவனே வந்து சுவருக்கு முன்னால் உட்கார்ந்து எண்ணினான். வெள்ளி, சனி, ஞாயிறு பெருக்கல். திங்கள் பரவாயில்லை. செவ்வாயிலிருந்து வியாழன் வரை கோடு. இரண்டு வாரமும் அச்சு மாறவில்லை.

"நாச்சிமுத்து, எஞ்சினுக்குக் கிழமை தெரியுமா?" என்றான். அவன் கண் மின்னியது. எனக்கோ அந்தக் குறிகளை உடனே அழித்துவிடத் தோன்றியது.

ஏனென்றால் வாரா வாரம் வியாழக்கிழமை சாயங்காலம்தான் பெட்ரோல் டின் உடைத்து ஊற்றுவோம். சுவரைப் பார்த்த முதலாளி இதைத்தான் பிடித்துக்கொண்டார். வியாழன் ஊற்றுகிறாய், வெள்ளி கெடுகிறது, இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று கேட்டார். தானாகப் போய்ச் சுவரில் எழுதி வைத்துக்கொண்ட மடையன் நான் ஒருவன்தான்.

"வர்ற வெள்ளிக்கிழமை வெடியால நானே வாரேன்" என்றார் முதலாளி. "அன்னைக்கும் இப்படியே இருமுச்சுன்னா, கம்பியத் திண்டுல வெச்சுட்டு நீ உன்ற சோலியப் பாத்துட்டுப் போயிரு, சாமி."

சாமி என்று சொல்லித்தான் கழுத்தை அறுப்பார்கள் எங்கள் பக்கத்தில்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஆண்டி வந்தான். டின்னிலிருந்து ஒரு சொட்டுப் பெட்ரோலை உள்ளங்கையில் விட்டு ஊதினான். பிசுக்கே இல்லாமல் பறந்துவிட்டது, மண்ணெண்ணெய் கலந்திருந்தால் பிசுபிசுக்கும். தானே டாங்கியில் ஊற்றி, மூடியைச் சுற்றி அரக்கை உருக்கி முத்திரை வைத்தான். கம்பியைச் சுற்றி ஓடவிட்டு, மட்கார்டில் ஒரு சொம்புத் தண்ணீரை வைத்தான். ஒரு சொட்டு சிந்தவில்லை. எஞ்சின் மூடியைத் திறந்து விளக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணால் மட்டும் ஒவ்வொரு இடமாகப் பார்த்துவிட்டுப் போனான். எதையும் தொடவில்லை. நீயும் எதையும் தொடாதே என்றான்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. நான் கிணற்றிலிருந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் கொண்டுவந்தபோது முதலாளியும் ஆண்டியும் வந்துவிட்டார்கள். முதலாளி அரக்கைக் குனிந்து பார்த்தார். விரிசல்கூட இல்லை. கம்பியைச் சுற்றினேன். பிடித்துக்கொண்டது. மூன்று மூச்சு விட்டது. அப்புறம் அதே இருமல், அதே குலுக்கல், கொட்டகை நிறையக் கறுப்புப் புகை. வாய்விட்டு அழுதிருப்பேன், முதலாளி இருந்ததால் அழவில்லை.

ஆண்டிக்குச் சந்தோஷம். நிஜமாகச் சொல்கிறேன், சந்தோஷம்! அந்த நேரத்தில் அவன் குரல்வளையைப் பிடிக்கலாம் போல இருந்தது. வண்டியை நிறுத்தாதே என்று சொல்லிவிட்டு மூடியைத் தூக்கினான். நேற்றுப் பார்த்ததை எல்லாம் வரிசையாக மறுபடியும் பார்த்தான். கார்புரேட்டர் வந்ததும் நின்றான். பித்தளை மேல் ஒரு பொட்டு. பக்கத்தில் ஆயுத பூஜைப் பொட்டுகள் காய்ந்து வெடித்துக் கிடந்தன. இது மட்டும் ஈரமாக மினுங்கியது.

"நேத்து இது இல்லீங்க" என்றான் முதலாளியிடம். "இருந்துது, காஞ்சு பாதி உதுந்து போயி இருந்துது. இது இன்னைக்கு வெச்சது."

முதலாளி, பொட்டினால் வண்டி கெடுமா என்று முறைத்தார். ஆண்டி, தெரியாது, அழித்துப் பார்த்தால் தெரியும் என்றான். சொல்லிவிட்டான், கை போகவில்லை. என்னைப் பார்த்தான். நான் முதலாளியைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை வெடியற்காலையில் பொட்டழிக்கச் சொல்றயாடா என்று முதலாளி இரண்டடி பின்னால் போய்விட்டார். மூன்று ஆம்பிளைகள், ஒரு மிளகு அளவு சந்தனத்துக்குப் பயந்துகொண்டு நிற்கிறோம். எஞ்சின் இருமிக்கொண்டே இருக்கிறது.

கொட்டகை வாசலில் என் வீட்டுக்காரி முத்தாயம்மாள் வந்து நின்றாள். தலைக்குக் குளித்த ஈரம் இன்னும் சொட்டியது. அவளைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது.

"நான்தானுங்க வெச்சேன்" என்றாள்.

பாலத்துக்குக் கீழே நான் விழுந்த பயத்தில், கார்த்திகை பிறந்ததிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல், நான் கிணற்றடிக்குப் போகிற நேரம் பார்த்து வைத்திருக்கிறாள். முன்னொருநாள் கம்பியைத் தொட்டதற்கு நான் வள்ளென்று விழுந்தேன், அதனால் சொல்லவில்லை. ஏன் அந்த இடத்தில் என்று ஆண்டி கேட்டான். அவனுக்கு அதுதான் முக்கியம். அவள் என்னைப் பார்த்தாள்.

"இதுதான் வண்டிக்கு மூக்கு, இது வழியாத்தான் மூச்சு வாங்குதுன்னு நீங்கதான சொன்னீங்க? மூக்குக்கு மேலதானுங்க நெத்தி."

பெருமை பீற்றிக்கொண்டு சொன்னது நான்தான். என்றைக்கோ மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, எல்லாம் தெரிந்தவன் மாதிரி.

நடந்ததை ஆண்டி அவளுக்கு இரண்டே வார்த்தையில் சொன்னான். இந்தப் பொட்டு போகாவிட்டால் உன் புருஷன் வேலை போய்விடும். என் உசுருக்கு வைத்த பொட்டை அவள் கையாலேயே எப்படி அழிப்பாள்? எனக்கே வேண்டாம் என்று சொல்லத் தோன்றியது. அதற்குள் அவள் வந்து, குலுங்குகிற எஞ்சினுக்குள் கையை விட்டு, மோதிர விரலால் சந்தனத்தை அப்படியே வழித்து எடுத்தாள்.

இருமல் நின்றது. சட்டென்று இல்லை, நாலைந்து தடவை தடுமாறி, பிறகு ஒரே சீராக ஓடியது. பித்தளையில் ஒரு ஊசித்துளை தெரிந்தது. ஸ்லோவில் ஓடும்போது எஞ்சின் அதன் வழியாகத்தான் கொஞ்சம் காற்றைக் குடிக்குமாம். அது அடைபட்டால் பெட்ரோல் அதிகமாகிக் கறுப்புப் புகை. மூன்று நாள் சூட்டில் சந்தனம் காய்ந்து உதிர்ந்ததும் துளை திறந்துகொள்ளும். வேறு வண்டியின் கார்புரேட்டர் என்பதால் அப்படி ஒரு துளை இருப்பதே ஆண்டிக்குத் தெரியாது. அவன் அதை விரலால் மூடினான், இருமியது. எடுத்தான், நின்றது. மூடினான், எடுத்தான். பத்துத் தடவையாவது செய்திருப்பான். உலகத்திலேயே சந்தோஷமான மனிதன் அன்றைக்கு அவன்தான்.

விரலில் சந்தனத்தோடு முத்தாயம்மாள் நின்றுகொண்டிருந்தாள். அதைச் சேலையில் துடைக்க அவளுக்கு மனசு வரவில்லை. முதலாளி நிற்கிறார், அந்நிய ஆம்பிளை நிற்கிறான், எதையும் பார்க்கவில்லை. என் முன்னால் வந்து, அந்த ஏழு தையல் தழும்பின் மேல் அதை அப்பிவிட்டாள்.

"உங்களுக்குத்தான வெச்சேன்" என்றாள்.

முதலாளி மண்ணெண்ணெய்ப் பேச்சை எடுக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. கேட் மூடறதுக்குள்ள கெளம்பு, நாச்சிமுத்து என்று மட்டும் சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். ஆண்டி கரித்துண்டை எடுத்து, வெள்ளிக்கிழமைக்கு நேராக ஒரு கோடு போட்டான்.

அன்றைக்கு மகுடஞ்சாவடியில் கேட் மூடித்தான் இருந்தது. கூட்ஸ் வண்டி போகிற வரைக்கும் எஞ்சின் அலுங்காமல் ஓடியது. வெயில் கொளுத்தியது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தேன், அந்த இடத்தை விட்டுவிட்டுச் சுற்றிலும் துடைத்தேன்.