கீழ் வீட்டு மீன்காரம்மா

தொண்ணூறுகளின் கடைசியில் மணலி கம்பெனி வேலை போனதும், திருவொற்றியூரில் என் வீட்டுக் கொல்லையில் லேத் பட்டறை கட்டத் துணிந்தேன். கொல்லை பின்பக்கம் சரிவாக இருந்தது. அடியில் கருங்கல் சுவர் எழுப்பி, மண் கொட்டி மேடாக்கலாம் என்றார் கொத்தனார்.

சரிவுக்குக் கீழே ஓட்டு வீட்டில் மீன் விற்கும் அம்மா ஒருவர் இருந்தார். ஒல்லியான உடம்பு, கை நிறைய பச்சை குத்தியிருக்கும். கடைக்கால் தோண்டிய நாளிலிருந்து, தினமும் ஒரு குடம் தண்ணீரைச் சரிவில் ஊற்றிவிட்டு, அது ஓடும் வழியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

“இன்னா நைனா, நீ மேடு ஏத்திக்கினா மழத்தண்ணி என் வூட்டுக்குள்ளதான வரும்?”

“கருங்கல் செவுரும்மா. அசையாம நிக்கும்.”

“செவுரு நிக்கும். தண்ணி நிக்குமா?”

அன்றே கொத்தனாரைக் கூப்பிட்டேன். மண் கொட்டுவதை விட்டு, மேல்பக்கத்தை வெட்டி மட்டமாக்கினோம். தெருச் சாக்கடை வரை கால்வாய் விட்டதில் பட்டறை குறுகிப்போனது. அந்த ஐப்பசி மழையில் அவர் வீட்டுக்குள் தண்ணீர் போகவில்லை.

இரவிலும் லேத் ஓடத் தொடங்கியதும், சத்தம் தாங்காமல் தெருக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். அந்த அம்மாதான் முந்தானையைச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் வந்து நின்றார்.

“அவன் பொயப்ப அவன் பாக்கறான். உங்களுக்கு இன்னா பேஜாரு?”

கூட்டம் கலைந்தது. பட்டறைக்கு மிக அருகில் இருந்தது அவர் வீடுதான். அங்கே எப்படித் தூங்கினாரோ, கடைசிவரை நான் கேட்கவில்லை.